அர்ஜினின் டப்பாவும் ஆறு மரணங்களும்

வேர்க்கடலையிலும் எள்ளிலும் இருக்கிற ஒரு சாதாரணப் பொருள் மாரடைப்பு வந்த இதயத்தைக் காப்பாற்றும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? எல்-அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். டப்பா டப்பாவாக விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள்.

கதை கேட்க நன்றாகவே இருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் போவது தடைபட்டால் (டாக்டர்கள் இதை இஸ்கீமியா என்பார்கள்) பிராணவாயு இல்லாமல் தசை சாக ஆரம்பிக்கும். ரத்தக்குழாயை விரிய வைக்கும் வேலையைச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையின் ரகசியமும் அதுதான். இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சரி, உடம்பு அதை எதிலிருந்து தயாரிக்கிறது? அர்ஜினினிலிருந்து! அப்புறம் என்ன, கச்சாப்பொருளைக் கூட்டினால் உற்பத்தியும் கூடும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். நோபல் வாங்கிய இக்னாரோவே பின்னாளில் அர்ஜினின் கலந்த ஒரு பானப்பொடியின் விற்பனைக்குத் துணை நின்றார். இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

இந்தக் கணக்கைச் சரிபார்த்தவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள். முதல் மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அர்ஜினின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. வேளைக்கு 3 கிராம், தினம் 3 வேளை, 6 மாதம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முடிவு 2006-ல் வெளியானது. ரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனும் கூடவில்லை. அர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

153 பேர் ரொம்பக் குறைவு, ஆறு மரணமும் தற்செயலாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்தச் சோதனை மரணத்தை எண்ணுவதற்காக வடிவமைத்ததும் அல்ல. ஆனால் பலன் பூஜ்யம், ஆபத்து சந்தேகம் என்று தெரிந்த பிறகும் ஒரு பொருளை இதய நோயாளிக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது?

கணக்கு எங்கே தப்பியது? உடம்பில் அர்ஜினினுக்குப் பொதுவாகப் பஞ்சமே கிடையாது, உடம்பே அதைத் தயாரித்தும் கொள்ளும். நோயுற்ற குழாயில் பழுதாகிக் கிடப்பது நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி. தறி உடைந்த மில்லுக்கு லாரி லாரியாகப் பஞ்சு இறக்கினால் துணி வருமா? பழுதான அந்த நொதி சில சமயம் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகக் குழாயைக் கெடுக்கும் வேறொரு பொருளைத் தயாரிக்கும் என்பது இன்னும் மோசம்.

இங்கேதான் வியாபாரம் வருகிறது. புது மருந்து விற்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் 1994-ஆம் வருடச் சட்டப்படி சத்துப்பொருளுக்கு அந்தத் தொல்லை இல்லை, நோயைக் குணப்படுத்தும் என்று மட்டும் எழுதக் கூடாது. "இதய நலத்துக்கு" என்று எழுதலாம்! இயற்கையில் கிடைக்கிற அமினோ அமிலத்துக்குத் தனியாகக் காப்புரிமையும் வாங்க முடியாது. நிரூபிக்கச் செலவு செய்தால் லாபம் போட்டிக் கம்பெனிக்கும் போகும், நிரூபிக்காமலே விற்றால் முழு லாபம். எந்த முதலாளி முதல் வழியைத் தேர்ந்தெடுப்பார்?

ஜிம்முக்குப் போகிற இருபது வயதுப் பையன் இதைக் குடித்தால் பெரும்பாலும் காசுதான் போகும். ஆனால் "இதய நலத்துக்கு" என்ற வரியைப் படித்துவிட்டு ஆசையாகக் கையை நீட்டுபவர் ஏற்கெனவே ஒரு மாரடைப்பைப் பார்த்தவர். அந்த வரியை அச்சடிக்க டப்பாவில் இடம் இருக்கிறதென்றால், "மாரடைப்பு வந்தவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம்" என்று அதே அளவு எழுத்தில் அதன் கீழேயே அச்சடிக்கவும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.