மனசுக்குப் பட்டதை நோட்டில் எழுதுங்கள்

"மனசுக்குப் பட்டுச்சு சார், வேலையை விட்டுட்டேன்" என்று தோட்டத்துக்கு வரும் இளைஞர்கள் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இப்போது தொழில்முனைவோருக்கு உள்ளுணர்வை வளர்க்க இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார்களாம். கண்ணை மூடி உட்கார்ந்தால் முடிவு தானாக வருமாம். பயிற்சி வேண்டியதுதான். ஆனால் அது இப்படி வராது.

வங்கியில் கடன் கொடுத்த காலத்தில், ஆளைப் பார்த்தாலே கட்டுவாரா மாட்டாரா என்று தெரியும் என நம்பியவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. நான் திருப்பி அனுப்பியவர்கள் ஒழுங்காகக் கட்டியிருப்பார்களா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. என் கணிப்பு தப்பென்று சொல்ல யாருமில்லை; அதனால் வருடா வருடம் தைரியம் மட்டும் கூடியது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அப்படியில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் என் கத்தரிச் செடிகள் துவண்டு கிடந்தன. மோட்டார் போட ஓடினேன். "இப்ப வேண்டாந் தம்பி, சாயங்காலம் வந்து பாரு" என்றார். சாயங்காலம் இலைகள் நிமிர்ந்திருந்தன. மூடாக்கை விலக்கி அரை அடி தோண்டி மண்ணைப் பிடித்தேன், உருண்டையாக நின்றது. எப்படித் தெரிந்தது என்றால், "பார்த்தாத் தெரியாதா?" என்கிறார். தண்ணீர் விட்டதும் விடாததும் இரண்டு மூன்று நாளில் செடியில் தெரிந்துவிடும். அதை அவர் ஐம்பது வருடமாகப் பார்க்கிறார்.

அதே பெரியவர் விலை ஏறும் என்றார் என்று சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டேன். ஏறவில்லை, பாதி அழுகியது. அவர் பட்டறையிலும் அதே கதைதான். வெளி வரத்தும் ஏற்றுமதித் தடையும் நம் வரப்பில் நின்று பார்த்தால் தெரியாதே!

உளவியல் அறிஞர்கள் கேரி கிளைன், டேனியல் கானமன் இருவரும் இந்த விஷயத்தில் எதிரெதிர்க் கட்சி. தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கிளைன் உள்ளுணர்வை மெச்சியவர், கானமன் சந்தேகப்பட்டவர். 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒத்துப்போனார்கள்: விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிந்துகொள்ள வாய்ப்பும் வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பது சாட்சியே ஆகாது.

நம் முகாம்களில் ஜீவாமிர்தம் கரைக்கச் சொல்லித் தருவதோடு இதையும் சேர்க்கலாம். தோண்டும் முன்பே ஈரம் இருக்கா இல்லையா என்று நோட்டில் எழுதட்டும், பிறகு தோண்டிப் பார்க்கட்டும். பூச்சிக்கும் அப்படியே. ஒரு போகம் முடிவதற்குள் கண் பழகிவிடும். விலையையும் எழுதி வாருங்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டுவதில்லை.

வேலையை விடத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. சம்பளம் வரும்போதே அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, சனி ஞாயிறில் ஒரு போகம் எடுத்துப் பாருங்கள். ராஜினாமாக் கடிதம் அறுவடை வரை மேசையிலேயே இருக்கட்டும்.