தண்ணீருக்கும் ஒரு முறை உண்டு



பாடசாலை விடுமுறை வந்தால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். "எங்கேயாவது போவோம் வாப்பா" என்பார்கள். புத்தளத்தில் வாழும் நமக்கு வில்பத்து பக்கத்து வீடு மாதிரி. வண்ணாத்திவில்லைத் தாண்டி எலுவன்குளம் போனால் கலா ஓயா குறுக்கிடும். அதன் மேல் தாழ்வான சப்பாத்துப் பாலம். அக்கரையில் காடு. யானை, சிறுத்தை, கரடி எல்லாம் வாழும் 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வனம் அது. 1938இல் தேசிய பூங்காவானது.

ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு வானில் போனோம். வானத்தில் மேகமே இல்லை. ஆனால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. "முழங்காலளவுதானே, மெதுவாகப் போய்விடலாம்" என்றேன் நான். பின்னாலிருந்து மனைவி சொன்னார்: "பிள்ளைகள் ஈக்கிற வாகனம். வேணாம், திரும்புங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். அன்று அதை எனக்கு நினைவூட்டியவர் மத்ரஸா வாசலை மிதிக்காத என் மனைவி.

யோசித்துப் பாருங்கள். கலா ஓயா நமது ஊர் மழையை மட்டும் சுமந்து வருவதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவ மேலே இருக்கிறது. அங்கே வான்கதவு திறந்தால், இங்கே வெயில் எரிக்கும்போதும் ஆறு பெருகும். சப்பாத்துப் பாலத்தைத் தாழ்வாகக் கட்டுவதே வெள்ளம் மேலால் போகட்டும் என்றுதான். அப்போது அது தண்ணீரின் முறை. நம்முடைய முறை அல்ல. முழங்காலளவு நீரும் ஓடும்போது வாகனத்தைத் தூக்கித் தள்ளிவிடும். கலங்கிய நீருக்கடியில் பாதை உடைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

2024 நவம்பர் 26ஆம் திகதியை மறக்க முடியுமா? அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள் அதில் மாண்டார்கள். வாசலில் காத்திருந்த உம்மாமாரை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சகோதரிகளே, வாகனத்தில் பயம் முதலில் உங்களுக்குத்தான் வரும். "ஆண்களுக்குத் தெரியாதா" என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். உரக்கச் சொல்லுங்கள். பயணத்தில் நல்ல ஆலோசனையும் ஓர் அமானிதம்.

அன்று ஆற்றங்கரை மரநிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டோம். மிச்சக் கடதாசியையும் பிளாஸ்டிக் பையையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஆறு வற்றிய காலத்தில் மறுபடி போய்க் காட்டையும் பார்த்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

காடு அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்க்க நாங்களும் எல்லோரும் இருந்தோம்.