கறவை மாட்டுக்கு வயிற்று அறுவை: எப்போது பயன், எப்போது வீண்?

தாம்பரம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளில் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டது. காலையில் பால் கறந்தபின் அவிழ்த்து விடப்படும் மாடு, புல் கிடைக்காமல் குப்பைத் தொட்டியை நாடுகிறது. பையில் கட்டி எறியப்பட்ட சோற்றையும் காய்கறித் தோலையும் பையோடு சேர்த்து விழுங்குகிறது. நாளடைவில் அது தீனி எடுக்காமல் நிற்கும்போதுதான், வயிற்றை அறுத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு எழுகிறது.

இதில் இருவகைத் தவறான எண்ணங்கள் உலவுகின்றன. வயிற்றைக் கிழித்த மாடு பிழைக்காது என்பது ஒன்று. எவ்வளவு தின்றாலும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. முன்னது மாட்டைக் காலங்கடத்திக் கொல்கிறது; பின்னது மாட்டை மீண்டும் குப்பைக்கே அனுப்புகிறது.

2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து வந்த ஒரு பசுவுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவை செய்து, 52 கிலோ பிளாஸ்டிக் கழிவு எடுக்கப்பட்டது. அந்த வேலைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. இது மருத்துவர்களின் திறமைக்குச் சான்று. அதே வேளையில், ஒரு மாடு எத்தனை காலம் குப்பையைத் தின்றிருந்தால் 52 கிலோ சேரும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பை ஏன் வெளியேறுவதில்லை?

மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி போன்றது. தீனி மூன்றாம் இரைப்பைக்குச் செல்லும் வழி சிறியது. நன்கு அரைபட்ட தீனி மட்டுமே அதில் நுழையும். பிளாஸ்டிக் செரிப்பதுமில்லை, நுழைவதுமில்லை. கயிறும் துணியும் அதனுடன் பின்னிப் பந்தாகத் திரள்கின்றன. ஆகவே எந்தப் பேதி மருந்தும், எண்ணெயும், கஷாயமும் இதைக் கரைக்காது. அறுவை ஒன்றே வழி.

அடிக்கடி வயிற்று உப்புசம், அசை போடுவதில் குறைவு, சாணம் குறைதல், பால் வற்றுதல், உடல் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். இவை தொடர்ந்தால், நாட்டு மருந்திலேயே வாரக்கணக்கில் கழிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வண்டியில் ஏற்ற முடியாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

அறுவையின் பயன்

மாட்டை நிற்க வைத்தே, இடது பக்க வயிற்றில் மரத்துப்போகும் ஊசி போட்டு இந்த அறுவையைச் செய்கிறார்கள். இரைப்பையைத் திறக்கும் முன் அதன் சுவரைத் தோலோடு இணைத்துத் தைப்பார்கள், அல்லது வளையத்தில் பிடித்து நிறுத்துவார்கள். உள்ளிருக்கும் தீனி வயிற்றறைக்குள் சிந்தாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

பிளாஸ்டிக்கை எடுக்க மட்டுமின்றி, கல்யாண மண்டபத்துச் சோற்றை அளவின்றித் தின்று வயிறு புளித்துச் சாய்ந்த மாட்டைக் காக்கவும் இது சில வேளை உதவும். ஆனால் அங்கே கணக்கு நாளில் இல்லை, மணியில். கன்று வெளிவராத நிலையிலும் வயிற்றைத் திறந்து கன்றை எடுப்பதுண்டு. கன்று உயிரோடிருக்கும்போதே செய்தால் தாய்க்கும் நல்லது. கன்று இறந்து அழுகியபின் ஆபத்து பன்மடங்கு கூடும்.

ஆபத்துகள்

வயிற்றறையில் சீழ் பிடித்தல், தையல் பிரிதல், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை எந்த வயிற்று அறுவையிலும் நேரக்கூடியவை. இரத்தச் சோகையுற்று எலும்பும் தோலுமாகிவிட்ட மாடு அறுவையைத் தாங்குவது கடினம். நிறைசினை மாட்டுக்கு மருத்துவர் மிகவும் யோசித்தே முடிவு செய்வார்.

கம்பியோ ஆணியோ விழுங்கிய மாட்டின் நிலை இன்னும் இக்கட்டானது. இரண்டாம் இரைப்பைக்கும் இதயத்துக்கும் இடையில் மெல்லிய தடுப்பே உள்ளது. கம்பி அதைத் துளைத்து இதய உறையில் சீழ் கட்டி, அலைதாடி வீங்கிவிட்டால், அறுவை பெரும்பாலும் பலன் தராது. முதுகைக் கூனி, முழங்கையை விரித்து நின்று, இறக்கத்தில் இறங்கத் தயங்கும்போதே காட்டுவது நன்று.

அறுவைக்குப்பின் வேலை வீட்டாருடையது. கொட்டகை ஈரமின்றி, ஈ மொய்க்காமல் இருக்க வேண்டும். மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாக மெல்லிய புல் கொடுக்க வேண்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். மருந்து ஊசி போடும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் குறிப்பிடும் நாள் வரையிலும் பாலை விற்கக்கூடாது. இந்த நாட்களின் வருமான இழப்பையும் சிறு விவசாயி முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

தொட்டியை விட்டுத் தொழுவத்துக்கு

அறுவை முடிந்த மாட்டை மறுபடி தெருவில் விட்டால், பட்ட பாடு அனைத்தும் வீண். ஐந்து, பத்து சென்ட் நிலமும் நீரும் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் புல் பயிரிட்டால், ஒரு மாட்டின் பசுந்தீவனத் தேவையில் பெரும்பகுதி தீரும். நிலமற்றவர்கள் சிலர் சேர்ந்து வைக்கோலும் பசும்புல்லும் மொத்தமாக வாங்கலாம். தாது உப்புக் குறைந்த மாடு துணி, எலும்பு முதலியவற்றையும் கடிக்கும். ஆகவே நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுப்பது நன்று. தீவனம் பற்றிய யோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். அது தாம்பரத்துக்குத் தெற்கே அருகிலேயே உள்ளது.

குற்றம் மாடு வளர்ப்போர்மீது மட்டுமில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. ஆயினும் தொட்டிகளில் அவை குறையவில்லை. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, தெருவில் திரியும் மாட்டுக்கு அபராதம் விதிப்பதோடு நின்றால் போதாது. உணவுக் கழிவைத் தனியே வாங்கவும், தொட்டிகளை மூடி வைக்கவும், எஞ்சிய புறம்போக்கில் கொஞ்சம் தீவனப் புல்லுக்கு ஒதுக்கவும் முன்வர வேண்டும்.

அறுவை ஒரு மாட்டை ஒருமுறை காப்பாற்றும். மாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீனி போடும் பழக்கமோ, இனி வரும் ஈற்றுகளையும் சேர்த்துக் காப்பாற்றும். மாடு தீனியை மறுத்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுவதும், கழுத்துக் கயிற்றை அவிழ்க்குமுன் அது எங்கே போய் மேயும் என்று யோசிப்பதும் மாடு வளர்ப்போர் ஒவ்வொருவரும் இன்றே தொடங்கக்கூடியவை.