கல்லென்று தொட்டால்...

ராமநாதபுரம் மாவட்டத்து சேதுக்கரை, பக்தர்கள் கடலில் முழுக்குப் போடும் இடம். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அங்கே மூழ்கியது கடற்புல் வெளியை ஆராய. புல்லுக்கிடையே செத்த பவளத்துண்டு ஒன்று கிடந்தது. தொட்டார்கள். சில நொடிகளில் வெள்ளைத் துண்டு கறுத்தது, பிறகு மஞ்சளானது. பவளம் அல்ல, மீன்! இந்தியக் கடலில் இந்த இனம் உயிரோடு கிடைத்தது அதுவே முதல்முறை என்று 2020இல் அறிவித்தார்கள்.

ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் பட்டைவால் தேள்மீன். மொழிபெயர்ப்பாளனாக எனக்கு இதில் ஒரு வருத்தம். தேளாவது கொடுக்கைத் தூக்கிக் காட்டும். இது எதையும் காட்டாது. பகலெல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும். இரையைத் துரத்தாது. வேட்டை பெரும்பாலும் இரவில். கண்ணை நம்பியல்ல. அருகில் ஒரு நண்டு மூச்சுவிட்டால் தண்ணீரில் எழும் அதிர்வை உடலே உணர்ந்துகொள்கிறது. வாய் திறந்து மூடுகிறது. நண்டு இல்லை.

நஞ்சுக்கு இந்த வேட்டையில் பங்கே கிடையாது. அது முதுகு முட்களில், தற்காப்புக்காக மட்டும் இருப்பது. முள் குத்தும்போது அதன் மேலுறை கிழிந்து நஞ்சு காயத்துக்குள் இறங்கும். வலி பொறுக்க முடியாது. ஆகவே இந்த மீன் யாரையும் தேடிவந்து கொட்டுவதில்லை; தெரியாமல் தொடுகிறவரும் மிதிக்கிறவரும்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படித் தொடக்கூடியவர்கள் யார்? விஞ்ஞானிகள் எப்போதாவது வருகிறவர்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களோ மூச்சை அடக்கிக்கொண்டு பாறை இடுக்குகளில் கைவிட்டுப் பிழைப்பவர்கள். பாறை கீறாமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். முள்ளுக்குத் துணி எம்மாத்திரம்?

தேள்மீன் வகைகளின் நஞ்சு பெரும்பாலும் புரதம். சூடு பட்டால் வீரியம் குறையும். கொட்டுப்பட்ட இடத்தை 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பதுதான் முதலுதவி. பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. தெர்மாமீட்டருக்கு எங்கே போவது? கரையில் டீக்குக் கொதிக்கும் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, பொறுக்கக்கூடிய சூட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். சூட்டை மட்டும் நல்ல கையால் பார்க்க வேண்டும். கொட்டுப்பட்ட கைக்கு, இருக்கிற வலியில், வெந்துபோவதுகூடத் தெரியாது.