அமைச்சரைவிட மாணவரே நீண்ட நாள் இருக்கிறார்

"மூன்று நான்கு வருடம் படித்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பல்கலைக்கழக இயக்குநர் வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எதற்கு? முதிர்ச்சியும் இல்லை, அரசியலும் புகுந்துவிடும்." மலேசியாவில் பலர் நம்பும் வாதம் இது. நிற்காது.

ஒன்று, முதிர்ச்சி. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை. 2023 ஆகஸ்ட் 12 அன்று பினாங்கு சட்டமன்றத்துக்கு வாக்களித்து, விரல் மையோடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நாசி கண்டார் வரிசையில் நிற்கும் மாணவரை நினைத்துப் பாருங்கள். மாநில அரசைத் தேர்ந்தெடுக்கலாம். தன் கட்டணத்தையும் விடுதியையும் முடிவுசெய்யும் வாரியத்தைக் கூடாதா?

இரண்டு, காலம். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி வாரியத்தை நியமிப்பவர் உயர்கல்வி அமைச்சர். 2020 மார்ச் முதல் 2023 டிசம்பருக்குள் உயர்கல்வி அமைச்சர்கள் நொராய்னி அகமது, காலிட் நோர்டின், சாம்ப்ரி என மூவர். ஒரு பட்டப்படிப்பின் காலம்தானே அது! வந்து போகிறவர் யார்?

மூன்று, அரசியல். அமைச்சர் கட்சிக்காரர் இல்லையா? 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் பிரசாரத்தின்போது பிடிபட்ட தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வழக்கில், மாணவரின் அரசியல் பேச்சைத் தடுத்த, அதே 1971 சட்டத்தின் பிரிவு செல்லாதென 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாணவர் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆட்சிமன்றத்துக்குத் தலைமை தாங்கும் உரிமையுள்ள ரெக்டரை மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2014இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வகுப்புகள் நின்றுபோகவில்லை.