விலாசதாரர் வீட்டில்தான் இருக்கிறார்!

சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள். காபி, பலகாரம் எல்லாம் ஆயிற்று. "கல்யாணப் போட்டோக்களை ஒரு தடவை பார்க்கலாமே!" என்கிறார் சம்பந்தி அம்மாள். உங்கள் பிள்ளையாண்டான் பெருமிதத்துடன் பீரோவைத் திறந்து, கைக்கு அடக்கமான அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் செருகுகிறான். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

திரையில் 'சி' இருக்கிறது, 'டி' இருக்கிறது. கல்யாணம் அடங்கிய 'ஈ'யை மட்டும் காணோம்! பிடுங்கிச் செருகுகிறான். மறுபடியும் பிடுங்குகிறான். நாலாவது தடவை ஓர் அறிவிப்பு எழுந்து நிற்கிறது. 'இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் முதலில் அதை ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?' என்று அது வெகு மரியாதையாகக் கேட்கிறது. பையனின் விரல் பொத்தானை நோக்கிப் போகிறது.

நிறுத்துங்கள், ஐயா! அந்த விரலைப் பிடித்து நிறுத்துங்கள்!

மிச்சத்தைப் படிக்க அவகாசமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: டிஸ்க் 'தெரியவில்லை' என்பதற்கு, டிஸ்க் 'செத்துப் போயிற்று' என்று அர்த்தமில்லை. தபால்காரர் ஒரு கடிதத்தை, 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பிவிடுகிறார். உடனே விலாசதாரர் காலமாகிவிட்டார் என்று தலை முழுகி விடுகிறோமா? கதவு எண் அழிந்து போயிருக்கலாம். வாசல் விளக்கு எரியாமல் இருக்கலாம். விலாசம் தபால்காரருக்குத் தெரியாத பாஷையில் இருக்கலாம். ஆசாமி உள்ளே சௌக்கியமாகத்தான் இருப்பார். நம் கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸும் அப்படிப்பட்ட ஒரு தபால்காரர்தான். ஆனால் இந்தத் தபால்காரரிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. விலாசம் புரியவில்லை என்றால், 'வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தரட்டுமா?' என்று கேட்பார். அதுதான் ஃபார்மட்!

சாதாரண ஃபார்மட், டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கிழித்துவிட்டு வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்துவிடும். முழு ஃபார்மட் இன்னும் கொடியது. விண்டோஸ் விஸ்டா வந்த நாளிலிருந்து அது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதித் தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த வைத்தியனாலும் பிரயோஜனமில்லை.

டிஸ்க்குகள் இப்படிக் கண்ணாமூச்சி ஆடாத காலமும் இருந்தது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். பீரோவை விடப் பெரிய உருவம். ஏறக்குறைய ஒரு டன் எடை. 'காணோம்' என்று யாரும் சொல்லியிருக்க முடியாது! ஆனால் அந்தப் பூதம் தாங்கியது 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்றைய செல்போன் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அந்த இடம் போதாமல் போகலாம். இன்று சட்டைப் பையில் போகும் சின்னப் பெட்டியில் ஒரு குடும்பத்தின் இருபது வருஷ வாழ்க்கை அடங்கிவிடுகிறது. அதனால்தான் அது தெரியாமற் போனால் வயிறு கலங்குகிறது.

சரி, வரிசையாகச் சோதிப்போம்.

முதலில் காது, பிறகு கண்

டிஸ்க்கைச் செருகியதும் காதருகே வைத்துக் கேளுங்கள். தட்டு சுழலும் மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். உள்ளங்கையில் லேசான அதிர்வு தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மின்சாரம் போதவில்லை என்பதே முதல் சந்தேகம். பழைய யு.எஸ்.பி. 2.0 துவாரம் 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும், யு.எஸ்.பி. 3.0 துவாரம் 900 கொடுக்கும். பல துவாரங்கள் உள்ள 'ஹப்' வழியாகச் செருகியிருந்தால் அந்தக் கொஞ்சத்திலும் பங்குக்கு ஆள் வந்துவிடுகிறது. ஹப்பை நீக்கி, கம்ப்யூட்டரின் முதுகுப்புறத் துவாரத்தில் நேராகச் செருகுங்கள். பெரிய மூன்றரை அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் உண்டு. அதன் பிளக்கையும் பாருங்கள்.

பிறகு கேபிளை மாற்றுங்கள். செல்போன் சார்ஜருடன் வரும் கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டுமே கொண்டு செல்லும். செய்தியைக் கொண்டு போகாது. அதற்கும் மசியாவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே தெரிந்தால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில், டிஸ்க்கில் அல்ல.

ரீங்காரத்துக்குப் பதிலாக 'டக்... டக்... டக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் மட்டும் எல்லாச் சோதனையையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தட்டின் மேல் படாமல் மிதந்து படிக்க வேண்டிய முனை தடுமாறுகிறது என்று அர்த்தம். ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் தட்டில் கீறல் விழலாம். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் மீட்பு நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும்.

டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும், தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் என்றெல்லாம் கைவைத்தியம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த பெட்டியை வெளியே எடுத்தால் உள்ளே ஈரம் படியும். கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, வந்துவிடுங்கள்.

தபால்காரரின் குறிப்பேடு

டிஸ்க் சுழல்கிறது, சத்தமும் நன்றாயிருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை. இப்போது 'ஸ்டார்ட்' பொத்தானின் மீது மௌஸின் வலது பக்கத்தை அழுத்துங்கள். விரியும் பட்டியலில் 'டிஸ்க் மானேஜ்மெண்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால், சாதாரண ஜன்னலில் தலை காட்டாத டிஸ்க்குகள்கூடக் கீழ்ப்பாதியில் பட்டை பட்டையாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இங்கே பார்ப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. கேட்காமல் எதையும் அழுத்துவதில்தான் நஷ்டம்!

பட்டை இருக்கிறது, 'ஹெல்தி' என்றும் போட்டிருக்கிறது, ஆனால் எழுத்து இல்லையா? கதவு எண் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டையின் மீது வலது பக்கத்தை அழுத்தி, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்து, காலியாக உள்ள ஓர் எழுத்தைக் கொடுத்தால் கல்யாணம் திரும்பிவிடும். (ஹார்ட் டிஸ்க்குகள் ஏன் 'சி'யில் ஆரம்பிக்கின்றன என்று குழந்தைகள் கேட்டால் சொல்லுங்கள்: 'ஏ'யும் 'பி'யும் அந்தக் காலத்து ஃப்ளாப்பி டிஸ்க்குகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அவை போய்விட்டன; நாற்காலிகள் மட்டும் காலியாக இருக்கின்றன.)

'ஆஃப்லைன்' என்று இருந்தால், இடது ஓரத்தில் உள்ள டிஸ்க்கின் பெயர் மீது வலது பக்கத்தை அழுத்தி 'ஆன்லைன்' ஆக்கிவிடலாம்.

'நாட் இனிஷியலைஸ்டு' என்று இருந்தால் ஜாக்கிரதை! கடையிலிருந்து இன்று வாங்கி வந்த புது டிஸ்க் என்றால் அது இயற்கை. எம்.பி.ஆரா, ஜி.பி.டி.யா என்று கேட்கும், ஜி.பி.டி. என்று சொல்லுங்கள். பழைய எம்.பி.ஆர். முறைக்குச் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் நேற்று வரை போட்டோ காட்டிய டிஸ்க் அப்படிச் சொன்னால், 'கான்ஸல்' ஒன்றே உங்கள் பொத்தான். பிரிவினைக் கணக்கு எழுதியிருந்த இடம் படிக்க முடியாமல் கெட்டிருக்கிறது.

'ரா' என்று காட்டினால், பிரிவு தெரிகிறது, உள்ளே இருக்கும் பட்டியலின் பாஷை புரியவில்லை என்று பொருள். இங்கேதான் அந்த ஃபார்மட் கேள்வி பிறக்கிறது. பட்டியல் நிஜமாகவே சிதைந்திருக்கலாம். அல்லது பாஷையே வேறாக இருக்கலாம்: மாக் கம்ப்யூட்டரில் ஏ.பி.எஃப்.எஸ். முறையிலோ, லினக்ஸில் இ.எக்ஸ்.டி. 4 முறையிலோ எழுதப்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. அக்கா வீட்டு மாக்கிலிருந்து வந்த டிஸ்க் என்றால் அங்கேயே கொண்டு போய்ச் செருகுங்கள். நோயே இல்லாத டிஸ்க்குக்கு வைத்தியம் செய்து கொன்ற பாவம் நமக்கு வேண்டாம்.

இன்னொரு வகை, பூட்டிய வீடு. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோஸாஃப்ட் கணக்கின் மூலம் நுழைந்தால், பெரும்பாலான புது லாப்டாப்களில் உள்ளேயிருக்கும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. லாப்டாப் கெட்டு, அதன் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி மைக்ரோஸாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லாப்டாப் நன்றாயிருக்கும் இன்றைக்கே அதைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

குறிப்பேட்டிலும் இல்லையென்றால்

டிஸ்க் மானேஜ்மெண்டிலும் காணாத டிஸ்க், பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்காக இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் 'டெலீட்' அல்லது 'எஃப் 2' விசையை அழுத்தி பயாஸில் நுழைந்து பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் குறை விண்டோஸின் பக்கம். பெயர் இல்லையென்றால் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிட்டு, சாட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் புதுக் கேபிள் போடுங்கள். பட்டையான எம். 2 டிஸ்க் என்றால், அதில் சாட்டா ஜாதி, என்.வி.எம்.இ. ஜாதி என இரண்டு உண்டு. துவாரம் எந்த ஜாதியை ஏற்கும் என்று மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள். சில மதர்போர்டுகளில் எம். 2-ல் ஒன்றை மாட்டினால் ஒரு சாட்டா துவாரம் தானே மூடிக்கொள்ளும். புதியவர் வந்தார், பழையவர் மறைந்தார் என்ற மர்மத்துக்கு இதுவே விடை!

இன்டெலின் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல லாப்டாப்களில் விண்டோஸை மறுபடி நிறுவப் போனால், 'டிஸ்க் ஒன்றுமே இல்லை' என்று சாதிக்கும். வி.எம்.டி. என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் டிஸ்க் நிற்பதே காரணம். லாப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அதற்கான இன்டெல் டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து வந்து, 'லோட் டிரைவர்' என்ற இடத்தில் காட்டினால் டிஸ்க் வெளிவந்துவிடும். இது தெரியாமல் புது டிஸ்க் வாங்கிவிடாதீர்கள்.

வைத்தியத்துக்கு முன் மீட்பு

டிஸ்க் ஒருவாறு தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே 'செக் டிஸ்க்' போட்டுச் சரி செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம்! அது பட்டியலை ஒழுங்கு செய்யும் குமாஸ்தா. உங்கள் போட்டோவைக் காப்பாற்றுவது அதன் உத்தியோகமல்ல. தள்ளாடும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடச் செய்து, ஒரேயடியாகப் படுக்க வைத்துவிடவும் கூடும். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். அதிலும் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாப் படங்கள் கடைசியில் வரட்டும்.

டிஸ்க்கின் நாடியைப் பார்க்க 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போனால், தட்டில் கெட்ட இடங்கள் பெருகுகின்றன. சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான்!

பட்டியல் சிதைந்த டிஸ்க்குக்கு 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்ற இரண்டு இலவச மென்பொருள்கள் உள்ளன. முன்னது தொலைந்த பிரிவுகளைத் தேடித் தரும். பின்னது பட்டியலே இல்லாமல் போட்டோக்களைப் பொறுக்கி எடுக்கும். மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதாதீர்கள். வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்குகளில் இன்னும் துரிதம் தேவை. அழித்த இடங்களை 'ட்ரிம்' என்ற ஏற்பாடு காலி செய்துவிடுவதால், அங்கே அழித்ததைத் தேடுவது பெரும்பாலும் வீண்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ உள்ளூர்க் கடைக்கோ டிஸ்க்கைக் கொண்டு போகிறவர்கள் ஒரு வார்த்தையைத் தெளிவாகச் சொல்லுங்கள். "டிஸ்க்கைச் சரி செய்து கொடுங்கள்" என்றால், ஃபார்மட் செய்து, வெகு சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர் பேரில் தப்பில்லை. நீங்கள் கேட்டது அதைத்தான். "எனக்கு டிஸ்க் வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும்" என்று சொல்லுங்கள். சீட்டில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்தனை யுக்தி தெரிந்திருந்தாலும், ஒரே ஒரு பிரதி வைத்திருப்பவன் பணக்காரனல்ல, கடன்காரன். டிஸ்க் என்றைக்கோ ஒரு நாள் கணக்குக் கேட்கும். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில் என்பது கம்ப்யூட்டர்க்காரர்கள் சொல்லும் விதி. மூன்று முடியாவிட்டால் இரண்டாவது வையுங்கள். ஒன்று உங்கள் பீரோவில். மற்றொன்று தம்பி வீட்டுப் பீரோவில். வருஷம் ஒரு முறை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, இரண்டையும் செருகி, நாலு படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, முறைப்படி 'எஜெக்ட்' செய்து எடுத்து வையுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். டிஸ்க் விஷயத்தில் அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பதறாத விரல் அழிக்காது!