மூச்சு விட நேரம் இல்லையா?

"மூச்சு விடக்கூட நேரம் இல்ல சார்!"

கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் தினமும் காதில் விழும் பேச்சு இது. அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் இதைச் சொல்லாத ஆளே இல்லை. ஷிப்டுக்குப் போகிறவருக்கு ரெயிலைப் பிடிக்கும் ஓட்டம். கடைக்காரருக்கு சரக்கு லாரி வரவில்லையே என்ற கவலை. குமாஸ்தாவுக்கு மேலதிகாரியின் முகத்தை நினைத்தாலே படபடப்பு.

இந்த ஓட்டத்தில் மூச்சு வயிறு வரை போவதில்லை. நெஞ்சோடு நின்று விடுகிறது. சும்மா இருக்கும்போது மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறான். கோபமும் பயமும் வந்தால் இந்தக் கணக்கு ஏறும். நாள் முழுக்க அப்படியே இருந்தால், வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி பிள்ளை மீது எரிந்து விழத்தான் தோன்றும்.

விடுவதில்தான் சூட்சுமம்

இதற்கு யோகத்தில் எளிய வழி உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். விடும்போது வேகம் குறையும். ஆகவே விடுவதை நீளமாக்கினால் படபடப்பு அடங்கும்.

மனசுக்குள் வினாடிக்கு ஒன்றாக 4 எண்ணி மூக்கால் இழுக்க வேண்டும். 6 எண்ணி மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சுதான் ஆகும். இப்படி 5 நிமிடம் செய்தால் போதும். பாய் வேண்டாம், பத்மாசனம் வேண்டாம், காசும் வேண்டாம். எண்ணூர் தாண்டி ரெயில் போகும்போது உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். கடன் கேட்டு வந்தவரிடம் வாயைத் திறப்பதற்கு முன்பு நாலு மூச்சு விட்டால் பாதிச் சண்டை மிச்சம்!

திருமூலர் திருமந்திரத்தில் ஒரு கணக்குச் சொல்லி இருக்கிறார். 16 மாத்திரை இழுப்பது, 64 அடக்குவது, 32 விடுவது. அது நன்றாகப் பழகியவர்களுக்கு. ஆனால் அதிலும் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது ஒரு மதத்துச் சங்கதி என்று ஒதுங்கவும் வேண்டாம். இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 23 பேரை யோக மந்திரமும், லத்தீன் மொழி ஜெபமாலையும் சொல்லச் செய்து பார்த்தார்கள். 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு சுமார் 6 ஆக இறங்கி இருந்தது!

யார் செய்யக்கூடாது?

இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பார்க்கக்கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் புஸ் புஸ் என்று வேகமாக ஊதும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக்கூடாது. மருந்தை நிறுத்தவே கூடாது. முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மூச்சு சரி, காற்று?

இதையெல்லாம் சொன்னால் அத்திப்பட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "மூச்சை இழுக்கச் சொல்றீங்க... எந்தக் காத்தை இழுக்கிறது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி!

ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். இன்னொரு பக்கம் வல்லூர் மின் நிலையம். அடுத்து நிலக்கரி இறங்கும் காமராஜர் துறைமுகம். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பர் 26-ந்தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் எந்த யோகம் உதவும்?

மூச்சுப் பயிற்சி மனசின் படபடப்பைத் தணிக்கும். சாம்பலை வடிகட்டாது. சாம்பல் பறக்கிற ரோட்டோரத்தில் அதைச் செய்யவும் கூடாது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ந்தேதி யோகா தினம் வருகிறது. அன்று பாய் விரித்து உட்காரும் அதிகாரிகள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டிய பயிற்சி மூன்று. சாம்பல், நிலக்கரி லாரிகள் தார்ப்பாய் மூடாமல் ஓடக்கூடாது. ரோட்டில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அன்றன்றைய காற்றின் தரத்தை ரெயில் நிலையப் பலகையில், ஜனங்களுக்குப் புரியும் தமிழில் எழுதிப் போட வேண்டும்.

மூச்சை ஒழுங்கு செய்வது அவரவர் பொறுப்பு. காற்றை ஒழுங்கு செய்வது சர்க்காரின் பொறுப்பு. ஜனங்கள் தங்கள் பங்கை இன்றைக்கே ரெயிலில் தொடங்கி விடலாம். சர்க்கார் எப்போது தொடங்கும்?